கதிரையில் உட்கார்ந்த பெண்

எண்பதுகளின் நடுவில் நான் கல்முனையில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தேன். அறுவடைக் காலத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், பாயில் சாய்வதைத் தவிர வேறெதற்கும் உடம்பு இடம் கொடுக்காது. அப்படியொரு பகலில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

என் அக்கா, ராத்தா, சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவர் கொண்டுவந்த டீவியும் வீடியோ டெக்கும் நடு அறையில் இருந்தன. கசெட் கடையில் தமிழ்ப் படங்களெல்லாம் வாடகைக்குப் போய்விட்டதால், மிஞ்சிக் கிடந்த ஓர் இங்கிலீஷ் படத்தை எடுத்து வந்தேன்.

"கதிரைல இரிங்களேன் ராத்தா," என்றேன்.

"இது காணும்," என்று சுவரோரம் தரையிலேயே இருந்துகொண்டார். வந்ததிலிருந்து அப்படித்தான்.

படத்தில், எதிர்காலத்து மனிதர்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உறங்கியபடியே வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். அவர்களைப் பராமரிப்பவள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒரு பெண். விண்கப்பல் நிறையக் கதிரைகள். ஒன்றிலும் அவள் உட்காரக் கூடாது. வழியில் குளிர் ஏறுகிறது. இருக்கிற சூடு எல்லோருக்கும் போதாது. தன் அறைக்கு வரும் சூட்டை அவளே நிறுத்துகிறாள். ஒருவரும் கண் விழிக்கவில்லை. கடைசியில் உடுப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காருகிறாள். கைகளை மடியில் வைத்தபடியே குளிரில் அடங்கிப்போகிறாள். அழுகை இல்லை, பாட்டு இல்லை. அவ்வளவுதான் படம்.

இடையில் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கதை சொல்லப் போனேன்.

"எனக்கு விளங்குது தம்பி. நீ கதைக்காமப் பாரு," என்றார் ராத்தா. அவருக்கு இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது.

படம் முடிந்தும் அவர் எழும்பவில்லை.

"அங்க ஒருநாள் கால் வீங்கி, ஏலாமக் கதிரைல இரிந்துட்டன். வீட்டுக்காரி கண்டுட்டா. ஏசல்ல. அந்தக் கதிரையக் கழுவச் சொன்னா."

"ஆரக் கழுவச் சொன்னா?"

"என்னத்தான்."

அந்தப் படத்தில் அடிப்பவர் யாரும் இல்லை, கெட்டவர் என்றும் யாரும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

இனிப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் விரும்பினேன். ஆனால் அவருடைய மகளுக்குக் கட்டிய வீடு கூரையில்லாமல் நின்றது. என் உழைப்பு அதற்கு எட்டாது. அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்ததும் ராத்தா மறுபடியும் புறப்பட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன்.

"வெயிலுக்க நிக்காத தம்பி. வேலைக்குப் போ," என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து.

பஸ் நகருமுன்பே அவர் கண்ணை மூடித் தூங்கத் தொடங்கியிருந்தார்.