மகள் முதுகில் இருந்த நீலம்

என் மகளை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அதனால் ஆறாம் நாள்தான் அவளை நானாகத் தூக்கித் துடைத்தேன். இடுப்புக்குக் கீழே கோழிமுட்டை அளவில் நீலம் பாரித்திருந்தது. அடிபட்டுக் கன்றிய இடம் போலவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாற்பது நாளும் ஒரு பெண் வந்து குழந்தையைக் குளிப்பாட்டுவார். என் வீட்டுக்கு வந்தவரை நான் சாச்சி என்று கூப்பிடுவேன். கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை அவற்றின் மேல் கிடத்தி, தேங்காயெண்ணெய் பூசி உருவிவிடுவார். மூக்கைக்கூட இழுத்துவிடுவார். அந்தக் கைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே. உம்மா உயிரோடு இருந்திருந்தால் அடக்கியிருப்பார்.

"உங்கட கை பட்டுத்தான் புள்ளைக்கு இப்பிடி. நாளையிலருந்து வர வேணாம்," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது போதாதென்று, பிள்ளை பார்க்க வந்த கர்ப்பிணிகள் இருவருக்கும் அந்த நீலத்தைக் காட்டி, யாருடைய வேலை என்றும் சொல்லிவைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, பிறந்த பிள்ளைகளை வீடு தேடி வந்து பார்க்கும் மிட்வைஃப் மிஸ் வந்தார். நான் முறையிட்டு முடிக்குமுன் சிரித்துவிட்டார். பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள். இது பிறவியிலேயே வருவது, நம் நாட்டில் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு, சில வருடங்களில் தானாக மங்கிவிடும் என்றார். காயமென்றால் இதற்குள் நிறம் மாறியிருக்குமாம்.

வெட்கத்தில் முகம் எரிந்தது. நாற்பது முடியாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்பார்கள். அன்று பிற்பகல் அஸர் தொழுகை நேரம் கழிந்ததும் பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, தையல் இழுக்க இழுக்க, களப்பு நீரோரம் இருந்த சாச்சி வீட்டுக்கு நடந்தேன்.

காற்றில் பிள்ளையைக் கொண்டுவந்ததற்குத்தான் முதலில் ஏச்சு விழுந்தது. மாப்புக் கேட்டேன். அவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மொத நாளே கண்டன், மகள். உங்களுக்கும் இதே இடத்துலதான் இருந்திச்சி. உங்களையும் நான்தானே குளிப்பாட்டின."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கதைக்க விடல்லையே."

மறுநாள் காலை சாச்சி குளிப்பாட்ட வந்தார். அந்தக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு நானே போய் உண்மையைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளை பிறந்தபோது இரண்டு வீட்டிலும் வேறு ஆளைத்தான் கூப்பிட்டார்கள்.