மாம்புரிக்குப் போய்ச் சேர்ந்த கதை

எகிப்தில் வாழ்ந்த மத்தியகால ஹதீஸ் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையைச் சில மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். நபிமொழிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு அறிவித்தவர்களை ஆயிரக்கணக்கில் வரிசைப்படுத்தி, ஆளுக்கு ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போனார்: நம்பத்தக்கவர், மறதிக்காரர், பொய்யர். இன்றைக்கும் மௌலவிமார் அவரைப் புரட்டிப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நான் அவரைத் தமிழில் வாசித்துவிட்டுச் சலூனில் பேசுகிறவன். ஊர் என்னைப் படித்த மனிதன் என்றது, நானும் மறுக்கவில்லை.

அந்தச் சலூனில்தான், தங்கச்சியின் மகளுக்கு மாம்புரியில் சம்பந்தம் சரிவந்த சந்தோஷத்தில், "எங்கட மருமகள் ஆக்கின கறியைத் திண்டு அவட வாப்பா ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பத்தே நாளில் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். பெண்ணுக்கு ஏதோ தீராத வருத்தமாம், ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம்.

அறிஞரின் முறைப்படியே விசாரித்தேன். மாப்பிள்ளையின் மாமி மீன் வியாபாரியிடம் கேட்டிருந்தார். மீன் வியாபாரி, முடி வெட்டுகிறவரிடம். முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, அண்ணன் முறை வைத்து, "நானா, நீங்கதானே சொன்ன?" என்றார்.

மறுநாள் மாம்புரிக்குப் போனேன். மாப்பிள்ளையின் வாப்பா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். அது பகிடி, பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவள் வாப்பாவும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, கறிகூட நல்ல கறிதான் என்றேன்.

"நீங்க நாலு கிதாபு படிச்ச மனிசன். இல்லாத ஒண்டைச் சொல்லுவீங்களா?"

"சொன்னேனே! பகிடிக்கு."

"அண்டைக்கு ஒரு தேவையும் இல்லாம சொன்னீங்க. இண்டைக்கு மருமகளுக்காக வந்து சொல்றீங்க. நான் எதை எடுக்கிற?"

அறிஞர் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். மிச்சம் வைப்பது மரியாதையில்லை.

வீட்டு வாசலில் தங்கச்சி நின்றாள். பின்னால் மருமகள்.

"என்ன சொன்னாங்க நானா?"

"நான்தான் சொன்ன எண்டேன், நம்பினாங்க. பகிடி எண்டேன், நம்பல்ல."

தங்கச்சி உள்ளே போனாள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மருமகள்தான் கேட்டாள்: "அப்ப ஆரு போய்ச் சொன்னா நம்புவாங்க மாமா?"

பள்ளிவாசல் தலைவரைச் சொல்ல வாயெடுத்தேன். அன்று காலையில்தான் அவர் என்னை வழியில் மறித்து, பிள்ளைக்கு இப்போது எப்படி என்று விசாரித்திருந்தார். அவள் சுகமாக வேண்டுமென்று துஆச் செய்வதாகவும் சொன்னார்.