சூரியன் பிறக்கிற கல்லறை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் லாசால் பகுதியில் இருந்து நாங்கள் ஆறு பெண்கள் மொன்றியல் நகர நடுவிலுள்ள நூதனசாலை ஒன்றுக்குப் போனோம். எகிப்து ராசா ஒருவரின் கல்லறையை, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி அச்சு அசலாக அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே வழிகாட்டியாக வேலை செய்கிறவள் என் பேத்தி நிவேதா. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் தட்டுத் தடுமாறும். ஆனாலும் தமிழிலும் சொல்கிறேன் என்று அவளே கேட்டு, ஒருமுறை செய்து பார்க்க மேலதிகாரியிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். வந்தவர்களுக்குப் பிடித்தால்தான் தொடரும்.

ஆங்ரினியோன் நிலையம் வரை பஸ், அங்கிருந்து பச்சைப் பாதை மெட்ரோ ரயில், பிறகு கொஞ்ச நடை. ஐம்பது நிமிடம் பிடிக்கும். அறுபத்தைந்து தாண்டிய மொன்றியல்காரருக்குப் பஸ்ஸும் மெட்ரோவும் இலவசம், அட்டையை மறக்காதீர்கள். நுழைவு பதினாறு டொலர்.

கல்லறை வாசலைக் கண்டதும் எங்களோடு வந்த மட்டக்களப்பு ராசம் அக்கா அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மருமகளுக்கு ஏழு மாதம்.

"செத்த வீட்டுக்கோ கூட்டி வந்தீங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா. எங்கட வீட்டில புள்ளத்தாச்சி இருக்காகா. நான் வரல்ல."

"அப்ப நானும் அக்காவுக்குத் துணைக்கு இருக்கிறன்" என்றாள் பக்கத்து வீட்டு மலர். மற்றவர்களும் தயங்கினார்கள். நிவேதாவின் மேலதிகாரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கப் போனேன். பேத்தி கண்ணாலேயே என்னை நிறுத்தினாள்.

"ராசம் அம்மம்மா, வாசலுக்கு மேல பாருங்கோ. வட்டத்துக்குள்ள ஒரு வண்டு, ஆட்டுத்தலையோட ஒராள். ரெண்டும் சூரியன்தான். வண்டு காலமைச் சூரியன். மற்றவர் பின்னேரச் சூரியன், கிழவர். இதால உள்ளுக்குப் போறார், ராசாவும் அவரோட போறார். இரவு முழுக்கப் போய், விடிய…" சொல் வரவில்லை. தவித்தாள். பிறகு, "விடிய, பிள்ளையாப் பிறக்கிறார். உள்ளுக்கு அவரைப் பெறுற அம்மா இருக்கிறா."

"அம்மாவோ? ஆருகா அது?" ராசம் அக்கா எழும்பிவிட்டார்.

உள்ளே நீண்ட நடை சரிந்து இறங்குகிறது. சூரியன் போகிற வழி அது. இரவின் பன்னிரண்டு மணி நேரங்களும் சுவரில் படமாக இருக்கின்றன: அவருடைய படகு, அதை இழுக்கிறவர்கள், வழிமறிக்கிற பாம்பு. வாசலுக்கு வாசல் காவல். காவலரின் பெயர் தெரிந்தால்தான் விடுவார்களாம், அதனால் ராசாவுக்காகப் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ராசாவுக்குப் பூசை செய்வதற்கு நைல் ஆற்றுப் பக்கமாக வேறு கோயிலாம். கல்லறையை மூடி மறைத்துவிடுவார்களாம்.

கடைசி அறையில் கல்பெட்டி. அதற்கு மேலே, கூரை நீளத்துக்கு வரைந்த ஒரு பெண். அவள்தான் வானம். பின்னேரம் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள்ளால் போகிறது, விடியப் பெறுகிறாள்.

ராசம் அக்கா கழுத்து நோக அண்ணாந்து பார்த்தார்.

"இதைச் செத்த வீடெண்டு ஆருகா சொன்னது?"

"நீங்கள்தான்" என்றாள் மலர்.

"சும்மா இரு நீ. புள்ள, மருமகளக் கூட்டி வந்தா இதெல்லாம் திரும்பச் சொல்லுவியா?"

நிவேதா மேலதிகாரியைப் பார்த்தாள். என்ன கேட்கிறார்கள் என்று அவர் பிரெஞ்சில் விசாரித்து, சிரித்துத் தலையாட்டினார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, பதினொரு மணிக்குத் தமிழிலும் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே விளங்கியது, உங்களுக்கும் விளங்கும். சாவுக்குப் பயந்த மனிதர்கள் மலையைக் குடைந்து, அதன் கடைசி அறையில் விடியலை வரைந்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

போகிறவர்கள் வழுக்காத சப்பாத்துப் போடுங்கள், உள்ளே குளிரும். வழிகாட்டுகிற பிள்ளை சொல்லைத் தேடி நின்றால் எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும்.