சாம்பிராணிப் புகையும் கிராஃபிக்ஸ் கார்டும்

என் மனைவி கணினியில் லாரி ஓட்டி விளையாடுவாள். நிஜத்தில் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வேலை முடிந்து வந்தால் அதுதான் அவளுக்கு ஆறுதல். ஒருநாள் திரை இருண்டுபோனது. கணினியைத் தூக்கிக்கொண்டு ஜாலான் புசார் சாலையில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினார். அதன் விசிறியெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுத்தது.

"அண்ணே, வீட்ல சிகரெட் பிடிப்பீங்களா?"

நான் தொட்டதே இல்லை. மனைவி முகர்ந்து பார்த்தாள். "இது நம்ம சாம்பிராணிங்க." கணினி இருந்தது சாமி மேடைக்குப் பக்கத்தில்.

விலை கூடின கார்டு புகையைத் தாங்குமா என்று கேட்டேன்.

"எதுவும் தாங்காதுண்ணே. அக்கா ஓட்டுற லாரிக்கு நடுத்தரக் கார்டே போதும். இடத்தை மாத்துங்க லா."

பழைய கணினிப் பெட்டிக்குள் அடங்கும் நடுத்தரக் கார்டு ஒன்றை வாங்கினோம். சாமியை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. கணினியைப் படுக்கையறைக்கு மாற்றினோம். ஆனால் புகை படாத அறை ஒன்று வீட்டில் இருப்பது உறுத்தியது. வெள்ளிக்கிழமை தூபக்காலோடு அறை வாசல்வரை போனேன்.

"அங்கேயே நில்லுங்க."

லாரியை ஓரங்கட்டிவிட்டு வெளியே வந்தாள். புகையை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டப் போனாள்.