ஏரியைப் பார்க்க ஒரு பழைய ஸ்கோப்

மணிவேல் மொட்டை மாடிக்கு ஏறி ஒரு வருஷமாகிவிட்டது. லாரி ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி நழுவிக் கால் நசுங்குவதற்கு முன்னால், விடிந்தால் மனுஷன் ஏரிக்கரையில்தான் நிற்பார். கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் அவருக்குச் சம்பந்தி வீட்டு ஜனங்கள் மாதிரி. சர்க்கரை வியாதியில் புண் ஆறாமல் இழுத்து, இப்போதோ கோலை ஊன்றிக்கொண்டு வாசலோடு சரி. மாடியிலிருந்தே ஏரி தெரியுமே என்று மனைவி ராஜம்மாள் கூப்பிட்டால், "புள்ளி புள்ளியா தெரியறத இன்னாத்துக்குப் பாக்கணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர் இப்படியே வாடிப் போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள்.

அவள் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் சமையல் செய்தாள். பங்குனி வெயில் தலைகாட்டியதும் வெள்ளைக்காரர்கள் சைக்கிள், அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குக் கிளம்புவது அங்கே வழக்கம். இரண்டாயிரத்து இரண்டில், விடுதியில் தங்கியிருந்த ஹெல்கா அம்மா விற்க வைத்த சாமான்களில் தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டுகிற குழல், ஸ்கோப் ஒன்றும் இருந்தது. சொட்டை விழுந்த உடம்பு, கம்பி சுற்றிக் கட்டிய ஸ்டாண்டு. அதே விலைக்கு டவுனில் சக்கரபாணி கடையில் புத்தம்புதுசு, பெட்டியோடு கிடைத்தது. "அறுபது மடங்கு பெருசா காட்டும்மா, கண்ண மூடிக்கினு வாங்கு," என்றார் சக்கரபாணி.

கண்ணை மூடிக்கொண்டு வாங்க அவள் என்ன ஏமாளியா? கடை வாசலில் வைத்துக் கோபுரத்தைப் பார்த்தாள். பெரிதாகத்தான் காட்டியது. ஆனால் சோற்று ஆவிக்குள் பார்க்கிற மாதிரி ஒரே கலங்கல், மூச்சு விட்டாலே ஆட்டம். ஹெல்காவின் பழையது அவ்வளவு பெரிதாகக் காட்டவில்லை, ஆனால் மலைப்பாறையில் குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்ப்பது விரல் விரலாகத் தெரிந்தது. முட்டையை வெயிலில் பிடித்துப் பார்ப்பதுபோல் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே பூஞ்சணமும் இல்லை. அழகு சோறு போடுமா என்று பழசையே வாங்கினாள்.

வீட்டில் அதை விளக்கு முன்னால் வைத்து, கிரைண்டருக்கும் சைக்கிளுக்கும் செய்கிற மாதிரி முன்னும் பின்னும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினாள். மறுநாள் காலையில் மாடியில் நிறுத்தி வைத்துவிட்டு, "எனக்காக ஒரே ஒரு வாட்டி வாயேன்யா," என்று கெஞ்சினாள். அவர் படிக்குப் படி உட்கார்ந்து ஏறி வந்தார்.

கண்ணை வைத்தார். குழலை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல." கண்ணை எடுக்காமலே சொன்னார். "எனக்குத் தெரியும் ராஜி. சர்க்கரை கண்ணுலயும் கை வெக்கும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. காலுதான் போச்சி, கண்ணும் போச்சானு பாக்கப் பயந்துக்கினுதான் நான் மேலயே வரல."

அடப்பாவி மனுஷா, இதையா ஒரு வருஷமாக உள்ளே வைத்துப் புழுங்கினார்! அவர் நிமிர்ந்தபோது பார்த்தால், கண்ணைச் சுற்றி ரத்தச் சிவப்பு. "ஐயோ!" என்று அலறி முந்தானையால் துடைத்தாள். துணியில் ஒட்டியது குங்குமம்.

ராஜம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "யோவ், உன் கண்ணு நல்லாத்தான் கீது. நான்தான் கண்ணாடி மேலயே பொட்டு வெச்சித் தொலைச்சிட்டேன்!"

அவள் முந்தானையோடு ஸ்கோப்பிடம் பாய, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தேய்க்காதடி, கீறல் விழும். ஊது." இரண்டு பேரும் தலை முட்ட முட்ட ஊதினார்கள். மிச்சத்தை ஈரப் பஞ்சால் அவரே ஒற்றி எடுத்தார்.

மறுபடி கண்ணை வைத்தார். "கூழைக்கடா," என்றார் மெதுவாக. "ஜோடியா நீந்துது. அலகுல மீனு." சட்டென்று பதறினார். "ராஜி, திரும்பவும் மங்குதுடி!"

அவள் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அழுதுக்கினே பாத்தா மங்காம இன்னா பண்ணும்? தொடச்சிட்டுப் பாருய்யா."