உப்பு ஒத்தடம்

என் தம்பி ஜெகதீஸ்வரனின் பெண்டாட்டி மதுமதி, நாமக்கல்லில் பொம்பளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. அவளிடம் படித்த ஒருத்தியும் இதுவரை லாரிக்கு அடியில் போகவில்லை. இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ப்ரேக்க மிதி புள்ள, என்ற மூஞ்சியில என்ன இருக்குது, ரோட்டப் பாரு" என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். நான் அவளுக்கு நாத்தனார் தெய்வநாயகி. எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை நங்கையா என்று கூப்பிடுவாள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்றார்கள். வைத்தியம் சேலத்தில். மார்பை எடுக்கிற அன்றைக்கே உள்ளே சிலிக்கான் பை வைத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் இவள் சரி என்றுவிட்டாள். உயிரே ஊசலாடுகிறபோது இந்த அலங்காரமெல்லாம் எதற்கு என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காதே.

"என்னைய எவளும் பாவம்னு சொல்லக் கூடாதுங்க நங்கையா" என்றாள். "பக்கத்துல உக்கார்றவ என்ற நெஞ்சப் பாத்துட்டு அப்பறம் என்ற மூஞ்சியப் பாத்தான்னா, நான் அவள எப்படிங்க அதட்டுவேன்? அந்தப் பை எனக்கு இருந்தே ஆகோணும்."



ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அக்குளில் எடுத்த கட்டிகளிலும் நோய் இருந்ததால் கரண்ட் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சைத்தான் இங்கே எல்லோரும் கரண்ட் என்போம். கரண்ட் பட்டால் பை இறுகிப்போகலாம், தோல் நைந்து திறந்துகொள்ளலாம், சிலருக்குப் பையையே எடுக்க நேரும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். வைக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. மதுமதி கையெழுத்துப் போட்டாள். இருபத்தைந்து நாள், ராசிபுரம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்தோம். தோல் தீய்ந்த தோசை மாதிரி கறுத்து, உரிந்து, ஒருவழியாக ஆறியது. கண்டம் தாண்டியாயிற்று என்று நான் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து அந்த மார்பு இறுக ஆரம்பித்தது. மெல்ல மேலே ஏறி, கழுத்தெலும்புக்குக் கீழே கல் மாதிரி நின்றுகொண்டது. தோளை உயர்த்தினால் நெஞ்சுக்கூடே இழுத்தது. சீட் பெல்ட் சரியாக அதன் மேல்தான் போகும். பெல்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினாள். பையைச் சுற்றி உடம்பு போட்டுக்கொண்ட சவ்வு கரண்ட் பட்டுத் தடித்துவிட்டது, மூன்று மாதம் பொறு, பிறகு திறந்து தளர்த்தலாம் என்று டாக்டரம்மா சொன்னாராம். இது அவள் தனியாகப் போய் வந்து என்னிடம் சொன்னது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் எனக்குப் பால் கட்டி மார்பு இதே மாதிரிதான் கல்லானது. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் இரண்டே நாளில் இளகிவிடும். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

"கட்டுனது எதுவா இருந்தாலும் சூட்டுக்கு எளகும் சாமி. ஊட்டுக்கு வா" என்றேன்.

வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். உப்பு மூட்டையை என் புறங்கையில் வைத்துப் பார்த்தேன், சுட்டது. கொஞ்சம் ஆறவிட்டு அவள் மேல் வைத்தேன்.

"சுடுதா மதி?"

"இல்லீங்க நங்கையா. இதமா இருக்குது."

அவளே சொல்கிறாளே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அடுத்த நாள் இன்னும் சூடாக வைத்தேன். அதற்கும் இதம் என்றுதான் சொன்னாள். மூன்று நாள் கொடுத்தேன். ஏற்கெனவே கறுத்த தோல், சிவந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிற நாலு பேரோடு அலைந்துகொண்டிருந்தாள். பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். நான் போய் விலக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்த பொருக்கு, ஒரு பக்கம் பிரிந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் பை பளபளவென்று தெரிந்தது. ஐயோ சாமி என்று கத்தித் தம்பியைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கே சேலத்துக்குக் கொண்டுபோனோம். "சூடு வெச்சது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். நானும் தம்பியும் பக்கத்தில்தான் நின்றோம்.

"நானேதாங்க வெச்சுக்கிட்டேன்" என்றாள் மதுமதி.

"அந்த இடம் மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது, எதுவும் வைக்காதேன்னு எத்தனை தடவைம்மா சொன்னேன்!"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இதம் என்று சொன்னதெல்லாம் பொய்.

சீழ் பிடித்துவிட்டதால் பையை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த தோலை விலா எலும்போடு ஒட்டித் தைத்தார்கள். கரண்ட் பட்ட இந்தத் தோலில் இனிப் பை நிற்காது, வேண்டுமானால் பிறகு முதுகுச் சதையை எடுத்து வைக்கலாம் என்றார்கள். போதுங்கம்மா என்று இவள் கும்பிட்டுவிட்டாள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வேலைக்குப் போனாள். இப்போது சத்தம் போடுவதில்லை. பிரேக்கை மிதிங்க என்று மெதுவாகச் சொல்கிறாளாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, தெரிஞ்சுக்கிட்டே ஏன் சும்மா இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ற கைய வெட்டிப் போட்டிருப்பனே!"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஆப்பரேசனுக்கு அப்பறம் உங்க தம்பி அந்தப் பக்கம் பாக்கறதே இல்லீங்க. திரும்பிப் படுத்துக்குவாரு. ஒண்ணும் கோவிச்சுக்கல, நல்லாத்தான் பாத்துக்கறாரு. ஆனா இந்த ஒரு வருசத்துல டாக்டரத் தவிர அங்க கை வெச்சது நீங்க ஒருத்தருதான். சூடும் தெரியல, உங்க கையும் தெரியல. ஆனா கை அங்க இருந்துச்சுங்களே. எடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வர்லீங்க."

என் தம்பி முன்னறையில் சோறு தின்றுகொண்டிருந்தான். அவனைக் கேட்க என் வாய் நிறைய வார்த்தை இருந்தது. ஆனால் சுட்டவள் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவனைக் கேட்பேன்?