எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் "எப்பிடிச் சுகம்?" என்று யார் கேட்டாலும் கர்த்தருக்கு நன்றியாக "ஸ்தோத்திரம்" என்றுதான் பதில் சொல்வோம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு என் களைப்பையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்தான் ஒளித்து வைத்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜெபிக்கக் கண்ணை மூடினால் தூக்கம் மட்டும் வந்தது. பாஸ்டரம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"விசுவாசம் குறைஞ்சா இப்பிடித்தான், தங்கச்சி. இன்னும் ஜெபியுங்க."

ஜெபிக்கத் தெம்பிருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

ஒரு மத்தியானம் குசினியில் வாவி மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தை ஏணையில் சிணுங்கியது. பள்ளிக்கூடத்தால் வந்த மூத்தவள் புத்தகப் பையைக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டாள். குரல் காதில் விழுந்தது. சொல் ஒன்றும் உள்ளே போகவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றேன்.

அவள் நகரவில்லை. "அம்மா, நான் என்ன கேட்டனெண்டு தெரியுமா?"

"என்ன மகள்?"

"உங்களுக்கு எங்களில விருப்பமில்லையா எண்டு கேட்டன்."

செதில் ஒட்டிய கையோடு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "எப்பிடிச் சுகம், தங்கச்சி?" என்றார்.

"சுகமில்லை" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவர் எனக்குப் பின்னால் நின்றவரின் கையைப் பிடித்தார்.